பாதி பிளேடு

இடது கை கட்டை விரலின் அடியில் பிளேடு இறங்கியபோது தமிழ்ச்செல்வி முதலில் பார்த்தது விரலை அல்ல, பெட்டிக்குள் இருந்த சேமியா பாக்கெட்டுகளை. ரத்தம் பட்டால் அது டேமேஜ். டேமேஜ் என்றால் பெட்டியைப் பிரித்தவர் சம்பளத்தில் பிடித்தம்.

பாக்கெட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற சடையப்பன்தான், "பொண்ணே, கையப் பாரு" என்றார்.

நாவலூரில், பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் இருந்தது அந்த சூப்பர் மார்க்கெட். இரண்டாயிரத்து ஆறாம் வருடம். சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் எழும்பிக்கொண்டிருந்தன. கடையில் நாளுக்கு நாள் கூட்டம் ஏறியது. லாரியில் வந்திறங்கும் பெட்டிகளைப் பின்பக்கத்து குடோனில் பிரித்து, சரக்கைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்குவது தமிழ்ச்செல்வியின் வேலை. செய்யூர்ப் பக்கத்திலிருந்து கணவனோடு படூருக்குக் குடிவந்து, இங்கே சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பெட்டி பிரிப்பதற்குக் கடையில் கட்டர் கொடுத்திருந்தார்கள். பிளேடைத் தள்ளித் தள்ளி நீட்டுகிற மஞ்சள் நிறக் கட்டர். அதை யாரும் தொடுவதில்லை. கொஞ்சம் அழுத்திவிட்டால் அட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் பாக்கெட்டையும் கிழித்துவிடும். பெட்டியும் பாழாகக் கூடாது. அடுக்குமாடி வீடுகளுக்கு மளிகை கட்டி அனுப்புவது அந்தப் பெட்டிகளில்தான். அதனால் குடோன் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். சவர பிளேடை உறையோடு நீளவாக்கில் மடக்கி ஒடித்தால் இரண்டாகும். ஆளுக்குப் பாதி. அதை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, முனை மட்டும் வெளியே தெரிய, டேப்பின் மேல் ஒரு கோடு இழுத்தால் பெட்டி திறந்துகொள்ளும். பாக்கெட் பிழைத்துவிடும்.

அன்று டேப்பில் சிக்கல் இல்லை. பெட்டியை இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அறுத்தாள். பட்டை தெறித்தது. பிளேடு போன வேகத்தில் இடது கைக்குள் போய்விட்டது.

சடையப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். குடோனிலேயே பழைய ஆள். டேமேஜில் கிடந்த காப்பித்தூள் பாக்கெட்டில் கை விட்டு அள்ளி, காயத்தில் வைத்து அழுத்தினார்.

"வெரல மடக்கு, பாக்கலாம்."

மடக்கினாள். நான்கு விரல்கள் சொன்னபடி கேட்டன. கட்டை விரல் மட்டும் யாருடையதோ போல நின்றது.

"மடங்கலியே அண்ணாத்த."

"வலிக்குதா?"

"வலிச்சாலாவது தேவலாம்னு கீது."

சத்தம் கேட்டு மேனேஜர் ரவிச்சந்திரன் ஓடிவந்தார். திட்டவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி போய்ச் சேரும் வரை அவள் கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் ரத்தமும் காப்பித்தூளும். நல்ல மனிதர்தான். ஆனால் ஆட்டோ நின்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்படி ஆச்சுன்னு உள்ளே கேட்பாங்க. வீட்டுல அருவாமனை பட்டுடுச்சுன்னு சொல்லிடும்மா."

"எதுக்கு சார்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றது. கடைக்குப் பிரச்னை இல்லேன்னா உனக்கும் பிரச்னை இல்லை."

பதிவு செய்கிற ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எங்க வேலை?"

கடைப் பெயரைச் சொன்னாள்.

"அருவாமனையா?"

"உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"உங்க கடையிலேர்ந்து யார் வந்தாலும் அருவாமனைதான். எல்லாரும் பேசாம ஓட்டல்ல சாப்பிடலாமே."

தமிழ்ச்செல்வி திரும்பிப் பார்த்தாள். ரவிச்சந்திரன் கதவோரம் நின்று, அவளைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். சொல்லிவிடு என்று அர்த்தம்.

"அருவாமனை இல்ல சார்" என்றாள் அவள். "கடையில பட்டுது. பெட்டி பிரிக்கறப்போ. பிளேடு."

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் இப்போது நிமிர்ந்தார்.

*

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள். விரலை மடக்குகிற தசைநார் அறுந்திருந்தது, தைத்தாயிற்று. மாவுக்கட்டு பிரித்த பிறகு தினமும் பயிற்சி செய்ய வேண்டும், எவ்வளவு மடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

கணவன் ஜெயக்குமார் கேளம்பாக்கம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். வம்பு தும்புக்குப் போகாதவன். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தான்.

"அருவாமனைன்னு ஒரு வார்த்த. சொல்லிட்டு வர்றதுக்கு இன்னா?"

"சொல்லிட்டு வந்து இன்னா பண்றது? நான் வேலைக்குச் சேந்தது புதுசு. வூட்டுல பட்ட காயம்னா எனக்கு ஒண்ணும் வராதாம். வேலையில பட்டதுன்னாதான் கை சரியாவற வரைக்கும் பணம் வரும். வெரல் இப்படியே நின்னுட்டா அதுக்கும் தனியா உண்டாம்."

"யார் சொன்னா?"

"அந்த ஜன்னல்லயே நின்னு கேட்டுட்டேன்."

"அப்புறம் கடையில உன்ன சேத்துப்பாங்களா?"

"கட்ட வெரல் இல்லாதவள மட்டும் எவன்யா சேத்துப்பான்? நீ வேணா தோசைக்கல்ல ஒரு கையால தூக்கிப் பாரு."

ஜெயக்குமார் தூக்கிப் பார்க்கவில்லை. அன்று இரவு தோசை அவன்தான் வார்த்தான்.

ஆனால் விஷயம் அவள் நினைத்த மாதிரி சுலபமாகப் போகவில்லை. ஈ.எஸ்.ஐ.க்குக் கடையிலிருந்து வேறு பதில் போயிருந்தது. கடையில் அப்படி விபத்தே நடக்கவில்லை, தமிழ்ச்செல்வி அன்று குடோனிலேயே இல்லை, பெட்டி பிரிக்கக் கட்டர் கொடுத்திருக்கிறோம், பிளேடு உபயோகிக்க அனுமதியே இல்லை என்று. ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலிருந்து நேரில் விசாரிக்க வருவார்கள்; பார்த்தவர் ஒருத்தர் சொன்னால் போதும், சொல்லாவிட்டால் கஷ்டம் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள்.

பில்லிங்கில் இருக்கும் ஜெஸ்ஸிக்குப் போன் செய்தாள்.

"நான் கவுண்டர்ல இருந்தேன் செல்வி" என்றாள் ஜெஸ்ஸி. "உன்னை ஆட்டோல ஏத்தினப்பதான் வந்தேன். அடிபட்டதைப் பார்த்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். பார்த்தது சடையப்பன் ஒருத்தர்தான். அவரைப் பிடி."

சடையப்பனைப் பிடிப்பது கடினமில்லை. வார விடுமுறை நாளில் அவர் முட்டுக்காட்டில்தான் இருப்பார். படகுத் துறைக்கு எதிரே அவர் மனைவி வசந்தா இளநீர் விற்கிறாள். ஜெயக்குமார் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டபோது, சடையப்பன் பெரிய வெட்டரிவாளை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரு கீறல் இல்லை.

தமிழ்ச்செல்வியைப் பார்த்ததும் அரிவாள் நின்றது.

"எதுக்கு வந்துகீறேன்னு தெரியும். கேக்காத."

"நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல அண்ணாத்த. பாத்தத சொல்லு."

"எம் பொண்ண வர்ற மாசம் பில்லிங்ல எடுத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லிக்கீறாரு. நான் வாயத் தொறந்தா அது போச்சு. எனக்கும் சேத்துப் போச்சு."

"என் கை போயிடுச்சே."

"நானா அறுத்தேன்?"

அதுவரை சில்லறை எண்ணிக்கொண்டிருந்த வசந்தா திரும்பினாள். "இந்தாளுக்கு வாய் என்னாண்டதான். பொழுதுக்கும் பேசுவாரு. கடைக்குப் போனா ஊமக்கோட்டான்."

"நீ சும்மா இருடி."

"நான் சும்மாதான் கீறேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு எளனியாவது குடு. வெயில்ல வந்துகீது."

சீவிய இளநீரை நீட்டினார். தமிழ்ச்செல்வி வலது கையால் வாங்கினாள். ஸ்ட்ராவைப் போட இன்னொரு கை வேண்டியிருந்தது. இளநீரை மார்போடு அணைத்து, கட்டுப்போட்ட கையின் முழங்கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஸ்ட்ராவைச் செருகினாள். தண்ணீர் புடவையில் சிந்தியது. சடையப்பன் அதைப் பார்க்கவில்லை என்பது போல அடுத்த காயை எடுத்தார். அரிவாள் இரண்டு தடவை குறி தப்பியது.

"அண்ணாத்த, விசாரணைக்குத் தேதி சொல்லிட்டாங்க. நான் வருவேன். நீ இருப்ப. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

காசு கொடுத்தபோது வசந்தா வாங்கவில்லை.

*

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலையில் விசாரணை. ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலிருந்து வந்தவர் பார்வதம் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி. தோளில் பெரிய பை, நெற்றியில் வியர்வை. ரவிச்சந்திரன் கொடுத்த குளிர்பானத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு நேராகக் குடோனுக்கு வந்தார். சுவரோரம் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. குடோன் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஜெஸ்ஸி கவுண்டரை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். தமிழ்ச்செல்வியின் கையில் மாவுக்கட்டு இல்லை. தழும்பு மட்டும் சிவப்பாக.

"இங்க பிளேடு யூஸ் பண்றாங்களா?"

"சான்ஸே இல்லை மேடம்" என்றார் ரவிச்சந்திரன். "பாருங்க, கட்டர் மாட்டியிருக்கு. அவ்வளவு பேரும் அதைத்தான் உபயோகிக்கிறாங்க."

பார்வதம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்தன் அன்று லீவு என்றான். ஒருத்தன் லாரியில் இருந்தேன் என்றான். ஜெஸ்ஸி, "ரத்தத்தோட வெளியே வந்ததைப் பார்த்தேன் மேடம். எப்படி ஆச்சுன்னு பார்க்கல" என்றாள். கடைசியில் சடையப்பன்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"வயசாயிடுச்சுங்களே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பார்வதம் பெருமூச்சு விட்டார். தமிழ்ச்செல்வியிடம் திரும்பி, "பார்த்தவங்க யாரும் சொல்லலையேம்மா. நான் என்ன எழுதறது?" என்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஒரு பெட்டிய பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. தெனமும் பிரிக்கற மாதிரி. நீங்க பாத்துட்டு எழுதுங்க."

பார்வதம் யோசித்தார். "சரி, பிரிக்கட்டும்" என்றார்.

குடோன் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை. அந்தத் தயக்கம் நல்லதில்லை என்று ரவிச்சந்திரனுக்குப் பட்டிருக்க வேண்டும். "இதுல என்ன இருக்கு, நானே பிரிக்கிறேன்" என்று கட்டரை எடுத்தார். பட்டைக் கட்டு இல்லாத பெட்டியாகப் பார்த்து மேஜை மேல் வைத்தார். டக் டக் என்று பிளேடை நீட்டினார். அவர் பெட்டி பிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. டேப்பின் மேல் வைத்து ஒரே இழுப்பு.

உள்ளேயிருந்து சர்ரென்று ஒரு சத்தம். அட்டையின் பிளவு வழியாகச் சேமியா மேஜையில் கொட்டியது.

"சார், சார், ஆழமா போவுது, டேமேஜ் ஆவுது. நவுருங்க சார்."

பேசியது சடையப்பன். பேசும்போதே அவர் மேஜைக்கு வந்துவிட்டார். சட்டைப்பைக்குப் போன வலது கை திரும்பி வந்தபோது இரண்டு விரலுக்கு நடுவே என்னவோ மின்னியது. மீதி டேப்பின் மேல் ஒரு கோடு. பக்கவாட்டில் இன்னும் இரண்டு கோடு. பெட்டி பூ மாதிரி விரிந்தது. மற்ற பாக்கெட்டுகள் முழுசாக இருந்தன. பல வருடங்களாகத் தினமும் செய்கிற வேலை. கை தானாகச் செய்துவிட்டது.

சடையப்பன் தன் கையைப் பார்த்தார். பிறகு பார்வதத்தைப் பார்த்தார்.

"என்னது அது?" என்றார் பார்வதம்.

"பிளேடுங்க. பாதி."

"கடையில கொடுத்ததா?"

"இல்லீங்க. நாங்களா வாங்கிக்கறது."

"கட்டர் இருக்கும்போது இது எதுக்கு?"

சடையப்பன் மேஜையில் கொட்டிக்கிடந்த சேமியாவைக் காட்டினார். "இதுக்குத்தாங்க. கிழிச்சவன் சம்பளத்துல புடிச்சிடுவாங்க."

ரவிச்சந்திரன், "சடையப்பா" என்றார்.

சடையப்பன் தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினார். அவள் எதுவும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் நின்ன எடத்துலதாங்க அந்தப் பொண்ணும் நின்னுச்சு" என்றார் சடையப்பன். "பட்ட தெறிச்சுது. பிளேடு கையில போயிடுச்சு. காப்பித்தூள் வச்சு அமுக்கினது நான்தான்."

"இப்ப சொன்னதை எழுதினா கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடறேங்க." குரல் இறங்கியது. "எழுதுங்க. மனசு மாறறதுக்குள்ள எழுதுங்க."

பார்வதம் நின்றபடியே எழுதினார். சடையப்பன் பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது பார்வதம் தமிழ்ச்செல்வியிடம், "வேலையில் பட்ட காயம்னு எழுதிட்டேன். உனக்கு வர வேண்டியது வரும். பயிற்சியை மட்டும் விடாதே" என்றார்.

*

பார்வதம் போன ஆட்டோ சாலையில் மறைந்ததும் ரவிச்சந்திரன் குடோனுக்குத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. டேமேஜ் கூடினால் அவரைக் கேட்பது முதலாளி. இனி இதற்கும் அவரைத்தான் கேட்பார்.

"சடையப்பா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

சடையப்பன் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான். சுவரில் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டார்.

தமிழ்ச்செல்வி வந்த காரியம் முடிந்துவிட்டது. வாசலில் ஜெயக்குமார் ஆட்டோவோடு நிற்கிறான். போய் ஏறிக்கொள்ளலாம். அவள் போகவில்லை. குடோன் வாசலில் கிடந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"அவர் வருவாரு சார்" என்றாள்.

"உன் வேலைதான் முடிஞ்சதேம்மா. வீட்டுக்குப் போ."

"முடியல சார். எனக்காகப் பேசிட்டு அவர் வூட்டுக்குப் போனா, நாளைக்கு அடுத்தவங்க கைய அறுத்துக்கினு அருவாமனைன்னுதான் சொல்லுவாங்க. அவர் வர்றாருன்னு சொல்லுங்க, நான் எழுந்துக்கறேன்."

அப்போது தீபாவளி லோடு வந்தது. லாரி ரிவர்ஸில் வந்து குடோன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டாலே ஓடுகிற ஆட்கள் இன்று சடையப்பனைப் பார்த்தார்கள். லீவு என்று சொன்னவன் போய்த் தமிழ்ச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தான். லாரியில் இருந்தேன் என்றவன் நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டான்.

"என்னப்பா இது, ஸ்ட்ரைக்கா?" என்றார் ரவிச்சந்திரன்.

"இல்ல சார், நாஸ்தா டைம்" என்றான் ஒருத்தன்.

ஜெஸ்ஸி மேஜையருகே போனாள். கிழிந்த சேமியா பாக்கெட்டுகளை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"சார், இந்த டேமேஜ் யார் கணக்குல போடறது?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். துண்டோடு நின்ற சடையப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது; இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். ரவிச்சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. பாக்கெட்டுகளைப் பார்த்தார். லாரி மறுபடி ஹாரன் அடித்தது.

சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று முதலாளியைக் கூப்பிட்டார்.

"லோடு வந்துடுச்சு சார்... இல்ல சார், இன்னும் இறக்கல... ஈ.எஸ்.ஐ. மேடம் வந்துட்டுப் போயிட்டாங்க. கடையிலதான் அடிபட்டதுன்னு எழுதிட்டாங்க சார்... ஆமா, இங்கதான் நடந்தது... இல்ல சார், அவரை நிறுத்தினா லோடு இறக்க ஆள் இல்லை. யாரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. ரவிச்சந்திரன் கேட்டுக்கொண்டே இருந்தார். காது சிவந்தது. "சார், இந்தப் பிடித்தம் இருக்கற வரைக்கும் கட்டரை ஒருத்தரும் தொட மாட்டாங்க... இன்னிக்கு டேமேஜா? இருக்கு சார். சேமியா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் சார் கிழிச்சேன்."

போனை வைத்துவிட்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"இனி பெட்டி பிரிக்கறப்போ கிழிஞ்சா கடைக் கணக்கு, முதலாளி ஒத்துக்கிட்டாரு. பிளேடு வச்சிருக்கறவங்க எல்லாம் இந்த மேஜையில வச்சிடுங்க. கட்டர் இன்னும் வாங்கித் தரேன். மெதுவாப் பிரிங்க."

"சடையண்ணன்?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"லோடை அவரில்லாம யாரு இறக்கறது? போங்க."

சடையப்பன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். தமிழ்ச்செல்வியைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"பொண்ணுக்கு பில்லிங் வேல அவ்ளோதான்" என்றார்.

"கேளு அண்ணாத்த. லோடு இறக்கிட்டு நீயே கேளு. நானும் நாளைக்கு வந்து கேக்கறேன்."

"நீ விடமாட்ட."

"வெரல் மடங்கற வரைக்கும் வேற வேல இல்லியே எனக்கு."

அவள் மூட்டையிலிருந்து எழுந்தாள். வாசலில் ஜெயக்குமார் பொறுமையில்லாமல் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தான். விரல் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.